நடந்து போகிறவர்களுக்கான மண்

கோவில்பதாகை வேம்புலியம்மாள், பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேண்டில் வலை செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷம், கதிர்வீசும் தோரியத் தண்ணீரில் அந்த வலையை முக்கி எடுத்தவள். கம்பெனியை மூடிய பிறகு, கதிர்வீச்சு ஏறிய அந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று ஊரைக் கேட்க 1994இல் அதிகாரிகள் வந்தார்கள். கேட்பதற்கு முன்பே அளவை அச்சடித்துக் கொண்டுவந்த மகான்கள்!

“நடந்து போறவங்களுக்கு இந்த அளவு போதும்மா. கையெழுத்துப் போடுங்க,” என்றார் தலைமை அதிகாரி.

“கம்பெனிக்குப் பின்னாலதான் சார் எங்க அம்மன் கோயிலு. ஆடி மாசம் ஆம்பளைங்க அந்த மண்ணுலதான் உருள்றாங்க. அது உன் கணக்குல கீதா?”

அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா.”

“அப்டியா? சட்டையக் கழட்டிட்டு ஒரு சுத்து உருண்டுட்டு வா சார். ஊரையே கூட்டியாந்து கையெழுத்துப் போட வெக்கிறேன்.”

தலைமை அதிகாரி சட்டையின் கழுத்துப் பொத்தானையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்.