உதவி வந்த பிறகு நின்ற எஞ்சின்

என் கணவர் விமான எஞ்சின் செய்கிறவர் என்று சொன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள். அடையாறில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். "பெரிய ஏரோப்ளேனுக்கா?" என்று சக ஆசிரியைகள் கேட்பார்கள். பெரியது இல்லை. ஆளில்லாமல் பறக்கும் விமானத்துக்கான சின்ன ஜெட் எஞ்சின், ஒரு தவில் அளவுதான். ஆனால் முழுக்க இங்கேயே வரைந்து, இங்கேயே செய்தது. ஊருக்கு வெளியே இருந்த தொழிற்சாலையில் அதை ஓட்டிச் சோதிக்கும் பிரிவுக்கு அவர் தலைவர். குடும்பத்தாரை அழைத்த ஒரு நாளில் நானும் பார்த்தேன். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றும் சத்தம் விலா எலும்பில் அதிர்ந்தது. நான் பார்த்தது என்னவோ அவர் முகத்தைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படியொரு முகத்தை அவரிடம் கண்டதில்லை.

கம்பெனி மெதுவாகத்தான் நொடித்தது. சம்பளம் தள்ளிப்போனது, பாதியானது, பிறகு நின்றே போனது. சாமர்த்தியசாலிகள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போனார்கள். இவரையும் கூப்பிட்டார்கள்.

"எஞ்சினை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டிட்டா, பறக்கலாம்னு சர்டிபிகேட் கிடைச்சுடும். இப்ப விட்டுட்டுப் போனா யார் பாத்துப்பா?" என்றார். என் சம்பளத்தில் வீடு எப்படியோ நடந்தது.

கம்பெனி பஸ்ஸும் நின்ற பிறகு, இவரை அழைத்துப் போனவர் அதே பிரிவின் டெக்னீஷியன். திருவல்லிக்கேணிக்காரர். காலையில் மந்தைவெளியில் எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தி ஹார்ன் அடிப்பார். சாயங்காலம் இவரை இறக்கிவிட்டு, வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி செய்யப் போவார். காலையில் அவருக்கும் ஒரு டிபன் டப்பா கட்டிக் கொடுப்பேன்.

"அக்கா, உங்க வூட்டு தயிர்சாதத்துக்குத்தான் நான் வேலைக்கே போய்க்கினு கீறேன்" என்பார். போனது எஞ்சினுக்காகத்தான், இவரைப் போலவே.

கம்பெனி அரசிடம் உதவி கேட்டது. டில்லியிலிருந்து ஒரு குழு வந்து பார்த்தது. அன்றைக்கு எஞ்சின் பிசகில்லாமல் ஓடியது. அப்புறம் பல மாதம் பேச்சு மூச்சில்லை. ஒரு மாலை, டிவியின் அடியில் ஓடும் வரியில் செய்தி வந்தது: நலிந்த விமான எஞ்சின் நிறுவனத்துக்கு அரசு நிதி உதவி. இவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், அந்த வரி மறுபடி வரும்வரை நின்று படித்தார்.

கொஞ்ச நேரத்தில் டெக்னீஷியன் மனைவியோடு வந்துவிட்டார், கையில் மைசூர்பாக்கு டப்பா.

"பொழைச்சுக்கினோம் சார்!"

இவர் அவரைக் கட்டிக்கொண்டார். யாரையும் தொட்டுப் பேசாத மனிதர்.

அடுத்த வாரம் ஆழ்வார்பேட்டைத் தலைமை அலுவலகத்தில் கூட்டம். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார்.

"ஏன்னா, என்ன ஆச்சு?"

"பணம் வரது. நம்ம எஞ்சினுக்கு இல்ல. புதுசா எதுவும் பண்ணப்படாதாம், நஷ்டம் தாங்காதாம். இனிமே மத்தவா எஞ்சினை ரிப்பேர் பண்றது மட்டும்தான். அதுக்குச் சம்மதிச்சாத்தான் உதவி. கம்பெனிக்காராளும் சம்மதிச்சுட்டா."

"உங்க வேலை?"

"எனக்கு இருக்கு. ரிப்பேர் பிரிவுல."

"அவருக்கு?"

இல்லையென்று தலையாட்டினார்.

ஆபீஸிலிருந்து தகவல் போகும் முன் டெக்னீஷியனிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்றார். தனியாகப் போக மனசில்லை, என்னையும் வரச் சொன்னார். திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்குப் பின்னால், ஆட்டோ நுழையாத சந்தில் வீடு. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னா சார், மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றார் டெக்னீஷியன்.

இவர் சொன்னார்.

"உங்களுக்கு வேல கீதுல்ல சார்? அது போதும். நான் எப்டியாச்சும் பொழைச்சுக்குவேன்." டீ டம்ளரை இவர் பக்கம் நகர்த்தி, "நம்ம இன்ஜினு?" என்றார்.

"கவர் போட்டு ஓரமா வெச்சுடுவாங்க."

அப்போதுதான் அவருக்குக் குரல் உயர்ந்தது. "ஆளு வேணான்னு சொல்லட்டும் சார், அது அவுங்க இஷ்டம். ஓடிக்கினு இருந்த இன்ஜின எதுக்கு நிறுத்தணும்? அது இன்னா தப்பு பண்ணுச்சு?"

டீயில் ஆடை படிந்தது. வெளியே வந்ததும் ஆட்டோ பிடிக்காமல் கடற்கரைச் சாலை வரை நடந்தார். வழியில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

எஞ்சினின் எண்ணெயை வடித்து, வாய்களை அடைத்து, உறை போடுகிற வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் இவரே செய்தார். வீட்டில் அதைப் பற்றி ஒரு தடவைதான் சொன்னார்.

கம்பெனி பிழைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பொய்யில்லை. நிறையக் குடும்பங்களுக்குச் சம்பளம் திரும்பி வந்தது, எங்களுக்கும்தான். அரசைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரைத் திட்டுவதென்று தெரியாத துக்கம் அது. இவர் தினமும் போகிறார், வருகிறார். சாப்பாட்டு மேஜையில் முன்பெல்லாம் எனக்குப் புரியாத விஷயங்களாகப் பேசித் தள்ளுவார். இப்போது மோர் வேண்டுமா என்றால் வேண்டும் என்கிறார், அவ்வளவுதான்.

போன மாதம் தி.நகரில் புடவை எடுத்துக்கொண்டு டாக்சி கூப்பிட்டேன். வந்து நின்ற வண்டியை ஓட்டியவர் டெக்னீஷியன்.

"அக்கா! ஏறுங்க, ஏறுங்க. சார் எப்டி கீறாரு?"

"நன்னா இருக்கார்" என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். பிள்ளைகள் படிப்பு, வெயில், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோடு என்று வேறு ஏதேதோ பேசினோம். வாசலில் இறங்கியதும், "உள்ள வாங்கோ, அவர் இருக்கார்" என்றேன்.

"இன்னொரு நாள் வரேன்க்கா. அடுத்த சவாரி வந்துக்கினே கீது."

உள்ளே போய் இவரிடம் சொன்னேன். ஃபோனை எடுத்து டெக்னீஷியனின் பெயரைத் தேடினார். பெயர் கிடைத்தும் அழுத்தவில்லை.

"பேசுங்கோளேன்" என்றேன்.

"வண்டி ஓட்டிண்டிருப்பான்" என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.