எண்பத்தேழு பாகை

மீன் கழுவிய தண்ணீரின் வாடை எங்கள் பின்வளவுச் சீமெந்துத் தரையை விட்டு ஒருநாளும் போனதில்லை; ஒன்பதாம் வகுப்புக் கணிதம் என்றால் இன்றும் எனக்கு அந்த வாடைதான் முதலில் வருகிறது. சல்லி என்கிற கடற்கரை ஊரில் கருவாடு போடுகிற வீடு எங்களுடையது. அம்மா மீன் கழுவுவார். அப்பா மேசன், அந்த வீட்டையும் தரையையும் அவரே கட்டியிருந்தார்.

அந்த வருடம் "நிரப்பு கோணங்கள்" வந்தன. இரண்டையும் கூட்டினால் தொண்ணூறு பாகை, அதுவரை சுகம். பிறகு ரீச்சர் புத்தகத்திலிருந்து ஒரு வசனக் கணக்குத் தந்தார்: சுவரில் சாய்த்த ஏணி தரையோடு ஆக்கும் கோணம், சுவரோடு ஆக்கும் கோணத்தின் இருமடங்கைவிடப் பதினைந்து பாகை கூடுதல், இரண்டையும் காண்க. "தெரியாததுக்கு x எண்டு பேர் வையுங்கோ" என்றார். இரண்டுமே தெரியாதபோது எதற்கு வைப்பது? தரைக்கு வைத்தேன், சுவருக்கு வைத்தேன், ஒருமுறை ஏணிக்கே வைத்தேன். கடைசியில் சுவர்க் கோணத்தை x என்று பிடித்து, மற்றதை 2x + 15 ஆக்கி, இரண்டையும் கூட்டித் தொண்ணூறுக்குச் சமன்படுத்த, இருபத்தைந்தும் அறுபத்தைந்தும் வந்தன.

வந்ததை நம்பிப் பேசாமல் இருந்திருக்கலாம். நானோ பின்வளவுச் சுவரில் ஒரு தடியைச் சாய்த்து, பாகைமானியால் தரையில் அறுபத்தைந்து பிடித்து, கதிரையில் ஏறி மேலே அளந்தேன். இருபத்திரண்டு. மறுபடியும் இருபத்திரண்டு. கூட்டினால் எண்பத்தேழு. மூன்று பாகை எங்கே போய்த் தொலைந்தது? ஒன்றில் கணிதம் பிழை, இல்லையென்றால் அப்பாவின் சுவர் பிழை. புத்தகம் பிழைவிடாது என்று நம்புகிற வயது எனக்கு.

மறுநாள் வகுப்பில் எழும்பிச் சொல்லியும் விட்டேன்: "எங்கட அப்பா கட்டின சுவர் மூண்டு பாகை சரிவு, ரீச்சர்."

வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்தியின் வீட்டில்தான் அப்பா அடுத்த கிழமை சமையலுக்குப் புதுக் குசினி கட்டத் தொடங்க இருந்தார். கதை ஊருக்குள் ஓடி, இரண்டு நாளில் அவளுடைய தகப்பன் எங்கள் வாசல் படலையில் வந்து நின்று, "இப்ப ஏலாது மேசன், பிறகு பாப்பம்" என்றார்.

அப்பா என்னை ஏசவில்லை. தூக்குக்குண்டை எடுத்துவந்து சுவரோரம் தொங்கவிட்டார். நூல் மேலிருந்து கீழ்வரை சுவரோடு ஒரே இடைவெளியில் நின்றது. "வடிவாப் பார், பிள்ளை" என்றார், அவ்வளவுதான். சுவர் நேர், கணக்கும் சரி, பிறகு எப்படி எண்பத்தேழு? எனக்கு விசர் பிடித்துவிடும் போலிருந்தது.

அம்மா மீன் கழுவி முடித்து வாளித் தண்ணீரை ஊற்றும்வரை எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் சுவரடியில் நிற்காமல் வளவுப் பக்கம் ஓடியது. "தேங்கினா இலையான் மொய்க்கும் எண்டு அப்பா வாட்டம் வச்சுத்தானே தரை போட்டவர்" என்றார் அம்மா. அந்த மூன்று பாகையும் சரிந்திருந்தது தரை, அதுவும் எங்களுக்காகச் சரித்தது. கணக்கின் முதல் வரியிலேயே "கிடையான தரை" என்று இருந்ததை நான் வாசிக்கவேயில்லை. வகுப்பில் திருத்திச் சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. அந்தக் குசினியை வேறு மேசன் கட்டினார். வெட்கத்தில் அப்பாவிடம் மன்னிப்பும் கேட்காமலே விட்டுவிட்டேன்.

அப்பா இப்போது இல்லை. போன வருடம் தம்பி புதுவீட்டுக்காகப் பழையதை இடித்தான். தரை ஒரு காலையில் போய்விட்டது. அந்தச் சுவர் மட்டும் மத்தியானம் தாண்டியும் விழவில்லை. மூதூரிலிருந்து வந்த வேலையாள் இடித்துக்கொண்டிருந்த அலவாங்கைக் கீழே வைத்துவிட்டு, "இத ஆர் கட்டினது?" என்று கேட்டார்.

"எங்கட அப்பா" என்றேன். அன்று வகுப்பில் சொன்னதைவிடச் சத்தமாகத்தான் சொன்னேன். அந்தக் குசினி வீடுவரைக்கும் கேட்டிருக்கும்.