இடியப்ப மாத் தராசும் ஒன்பது தோட்டாக்களும்

மற்றக் கடைகளில் பிழையான சாமானை விற்றால் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவார்; வேட்டைச் சாமான் கடையில் பிழையானதை விற்றால், திருப்பிக் கொண்டுவர அவருக்குக் கை மிஞ்சியிருக்க வேண்டும். சப்பாத்துக் கடையிலும் பாண் கடையிலும் நின்று அழுகிற சனிக்கிழமை வேலைக்காரர்களே, உங்களுக்கு என் அனுதாபங்கள். நான் நிற்பது டென்மார்க்கில், ஹேர்னிங் நகருக்கு வெளியே, துவக்குகள் தொங்கும் ஒரு சுவருக்குக் கீழே. வயது பதினேழு. விற்கத் தெரியும். அதைவிட நன்றாக, கேட்ட எந்தக் குரலிலும் கதைக்கத் தெரியும். முதலாளியம்மா கிர்ஸ்டனின் கரகரத்த குரல் எனக்கு இருமலோடு சேர்த்து வரும்.

சின்னப் பெட்டி

சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கோதை எறியாமல், வீட்டிலேயே புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி தோட்டா ஆக்குகிறவர்கள்தான் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம். புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் ஒரே கேள்வி: ஆக மலிவானது எது? கிர்ஸ்டன் எனக்குப் பாடமாக்கித் தந்த பதிலும் ஒன்றுதான். கோதை அழுத்துகிற பிரெஸ் யாரோ பாவித்ததாகக்கூட இருக்கலாம், இரும்புதானே. ஆனால் அளவுப் புத்தகத்திலும் மருந்து நிறுக்கிற தராசிலும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. மருந்து கொஞ்சம் கூடினாலும் துவக்கு முகத்துக்குப் பக்கத்திலேயே வெடித்துவிடலாம்.

ஒரு டெனிஷ் இளைஞர் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். பிரெஸ்ஸைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார், வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பெட்டி சின்னதாக இருந்தால் நல்லது. துவக்கு வாங்கினதையே நான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை."

கிர்ஸ்டனின் குரல்

அன்று மத்தியானம் கிர்ஸ்டன் பின்னறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. இலக்கத்தைப் பார்த்தேன். தவம் மாமா. அப்பாவோடு திரைச்சீலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், புதிதாக வேட்டைச் சோதனை பாஸ் பண்ணியவர். அனுமதி, மருந்து, பழைய பிரெஸ் எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சுடும் திடலுக்குப் போகப்போவதாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். ஒரு சின்ன விளையாட்டு விளையாடலாமே என்று கிர்ஸ்டனாக இருமிவிட்டு எடுத்தேன்.

தராசுதான் இன்னும் வாங்கவில்லை, கட்டாயம் வேணுமா என்று டெனிஷில் கேட்டார். "எதற்குத் தவம்? உங்கள் வீட்டில் இடியப்பத்துக்கு மா நிறுக்கிற தராசு இல்லையா?" என்றேன். கிர்ஸ்டனுக்கு இடியப்பம் எங்கே தெரியப்போகிறது, இந்த இடத்தில் பிடிபட்டுவிடுவேன், இரண்டு பேரும் சிரிப்போம் என்றுதான் காத்திருந்தேன். மாமா சிரிக்கவில்லை. "நன்றி கிர்ஸ்டன். நீங்கள் சொன்னால் எனக்கு நிம்மதி" என்று வைத்துவிட்டார்.

இன்னுமொரு தரம்

உடனே திருப்பி எடுத்தேன். மாமாவின் கைத்தொலைபேசி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வீட்டு இலக்கத்துக்கு எடுத்தபோது மாமி வந்தார். இங்கேதான், தோழர்களே, நான் இரண்டாவது மடைத்தனத்தைச் செய்தேன். என் சொந்தக் குரலில் உண்மையைச் சொல்லப் பயந்து மறுபடியும் கிர்ஸ்டனாகி, அந்தத் தராசு வேண்டாம், தவத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று டெனிஷில் கத்தினேன். டெனிஷ் அரைகுறையாகவே விளங்கும் மாமி "யா, யா, தக்" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றாவது முறை நானாகவே எடுத்தேன். "மாமி, நான்தான். மாமா எங்கை?"

"நீயோ பிள்ளை? இப்பதான் உங்கடை முதலாளியம்மா எடுத்தவ. போன மாசம் இவர் குடுத்த இடியப்பம் அவவுக்கு நல்ல விருப்பமாம், அதைப் பற்றித்தான் ஏதோ சொன்னவ போல. இவர் என்ரை மாத் தராசையும் தூக்கிக்கொண்டு கராஜுக்குள்ளை போய்க் கதவைப் பூட்டிப்போட்டார். மருந்து நிறுக்கேக்கை ஆரும் கூப்பிடக் கூடாதாம்!"

பின்னறை

அந்தக் கதவைத் தட்ட மாமி மறுத்துவிட்டார்; கிர்ஸ்டனிடம் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சொன்னேன். கோப்பிக் கோப்பையை அவர் மெதுவாக வைத்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்று நின்றேன், திட்டவில்லை. இறாக்கையிலிருந்து ஒரு தராசை எடுத்தார், கடைக் கதவில் "மூடப்பட்டுள்ளது" பலகையைத் திருப்பினார். சனிக்கிழமையில் அந்தப் பலகை திரும்பி நான் பார்த்ததே இல்லை. "காரில் ஏறு. வழியில் ஒரு சொல் என் குரலில் வந்தாலும் இறக்கிவிட்டுவிடுவேன்."

முட்டைப் பெட்டி

நாங்கள் இருவரும் தட்டிய தட்டில் மாமா கராஜைத் திறந்தார். உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேல், பத்து முட்டைப் பெட்டி ஒன்றில், துடைத்து மினுக்கிய ஒன்பது தோட்டாக்கள் நின்றன. பத்தாவது குழி காலி. பெருமையாக எங்களுக்குக் காட்டினார்.

கிர்ஸ்டன் மாத் தராசில் கொஞ்சம் மருந்து போட்டார். மூன்று கிராம். இன்னொரு சிட்டிகை போட்டார். அப்போதும் மூன்று. அதே மருந்தைத் தான் கொண்டுவந்த தராசில் வைத்து ஒரு சிட்டிகை எடுத்துக் காட்டினார். எண் உடனே மாறியது. மாமாவின் முகமும்தான். ஒன்பதில் எதற்குள் எவ்வளவு இருக்கிறதென்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது.

"கதைச்சது நான்தான் மாமா. கிர்ஸ்டன் இல்லை" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துக் கிர்ஸ்டனின் கையில் கொடுத்து முடித்துவிட்டு, காலிப் பெட்டியை மூடினார்.

"நாளைக்கு முதல் வெடி என்ரை மகன்தான் வைக்கிறதெண்டு அவனுக்குச் சொல்லி வச்சிருந்தனான், பிள்ளை."

இப்போது கடை ரெலிபோனை என் சொந்தக் குரலில்தான் எடுக்கிறேன். கேட்கிறவர்களுக்கு அது நடுங்குகிற மாதிரி இருக்கிறதாம், ஆனால் தராசு வாங்காமல் ஒருவரும் தப்புவதில்லை.