கடைசிப் பட்டன்

அந்தத் தெருவில் அவளுக்குப் பட்டன் அக்கா என்றுதான் பெயர். தைக்கும்போது வாயில் நாலு பட்டன் இருக்கும். கோபம் வந்தால் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவாள், துப்பமாட்டாள். முன்னறையில் தையல் கடை, பின்னறையில் குடித்தனம்.

புருஷன் கரண்டுக் கம்பம் ஏறுகிற லைன்மேன். ஓய்ந்த நேரத்தில் அவளுக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பான். கம்பியைச் சுற்றுகிற மாதிரி நூலை ஏழு சுற்றுச் சுற்றி முறுக்கிவிடுவான். "சட்டைக்கு என்ன, கரண்டா குடுக்கப் போறீங்க?" என்று அவள் சிரிப்பாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பளிச்சென்ற காலை வெயிலில் வேலைக்குப் போனவன்தான், திரும்பவில்லை. சைக்கிள் கம்பத்தில் சாய்ந்திருந்தது. செருப்பு ஜோடியாகக் கீழே இருந்தது. உச்சியில் அவன் பை தொங்கியது. நடுவில் இருக்கவேண்டிய ஆளைத்தான் காணோம். விழுந்தவன் என்றால் உடம்பு எங்கே? ஓடினவன் என்றால் செருப்பை ஏன் விட்டான்? தேடாத இடமில்லை.

அழுது ஓய்ந்தபின் அவள் அவனுடைய பழைய சட்டையை அளவுக்கு வைத்து வருஷத்துக்கு ஒரு சட்டை தைத்தாள். காலரின் உள்பக்கம் சிவப்பு நூலில் அடையாளம்: முதல் வருஷத்துக்கு ஒரு தையல், இரண்டாவதற்கு இரண்டு. ஒன்பது சட்டையும் பீரோவில். சாவி அவள் இடுப்பில்.

கூட இருந்த நாத்தனாருக்குத்தான் தாங்கவில்லை. கரண்டு ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வாங்கி வந்தாள். காணாமல் போனவன் இறந்துவிட்டான் என்று பெண்டாட்டி கையெழுத்துப் போடவேண்டிய காகிதம்.

"அவர் எனக்கும் அண்ணன்தான் அண்ணி. ஒண்ணு இருக்கார்னு சொல்லுங்க, இல்ல போயிட்டார்னு சொல்லுங்க. நடுவுலயே நின்னு எனக்குக் கால் வலிக்குது."

"வலிச்சா உக்காரு" என்றாள் பட்டன் அக்கா. ஆனால் அவளுக்கும் வலித்தது. காகிதத்தைக் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம், அவள் பின்னறையில் சாப்பிடும்போது, நாத்தனார் ஒரு பையோடு வந்தாள்.

"யாரோ அளவுச் சட்டை குடுத்துட்டுப் போறார். இதைவிடக் கொஞ்சம் லூசா வேணுமாம். வெள்ளிக்கிழமை வருவாராம்."

"ஆளு எப்படி?"

"வெயில் அவர் முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு, மூஞ்சி தெரியல. குரல் கம்பி உரசற மாதிரி இருந்துச்சு. கால்ல செருப்பு இல்ல."

சட்டை நைந்து, அக்குளில் வியர்வைக் கறை படிந்திருந்தது. அவள் எச்சில் கையோடு காலரைத் திருப்பினாள். உள்ளே மூன்று சிவப்புத் தையல்.

பீரோவைத் திறந்து எண்ணினாள். எட்டுதான் இருந்தன. அவன் போன பிறகு தைத்த சட்டை, பூட்டின பீரோவுக்குள்ளேயே இருந்த சட்டை, யார் உடம்பிலோ ஆறு வருஷம் உழைத்து வந்திருக்கிறது.

நாத்தனார் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "எரிச்சிடலாம் அண்ணி."

"ஆர்டர் வாங்கினது நீதானே? தைச்சுத்தான் குடுக்கணும். வெள்ளிக்கிழமை ஆள் வரலைன்னா உன் காகிதத்துல கையெழுத்துப் போடறேன். போதுமா?"

லூசாகவே தைத்தாள். கடைசிப் பட்டனை மட்டும் விட்டுவைத்தாள். ஆள் போட்டுப் பார்த்த பிறகுதான் அதைத் தைப்பது அவள் வழக்கம். வெள்ளிக்கிழமை சட்டையைக் கடை வாசலில் மாட்டிவிட்டு விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தாள். தெருவில் எல்லாரும் செருப்போடுதான் போனார்கள். யாரும் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் சட்டையை உள்ளே மாட்டிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சனிக்கிழமை காலை நாத்தனார் பேனாவை நீட்டினாள். பட்டன் அக்கா வாங்கிக்கொண்டாள். "இரு, அந்தப் பட்டனை முடிச்சிட்டு வரேன். அரைகுறையா விட்டா எனக்குக் கை ஓடாது."

சட்டையைத் தொட்ட கை அப்படியே நின்றது. கடைசிப் பட்டன் தைத்திருந்தது.

"நீங்களே தைச்சிட்டு மறந்திருப்பீங்க" என்றாள் நாத்தனார்.

"நான் தைச்சா இவ்வளவு அசிங்கமாவா இருக்கும்?"

விரல் நுனியால் நூலைத் தடவி எண்ணினாள். ஏழு சுற்று. கம்பி முறுக்கு.

கதவு சாத்தியபடியே இருந்தது. தாழ்ப்பாளும் போட்டபடியே. இருக்கிறானா, போய்விட்டானா? அதற்கு அந்தப் பட்டன் பதில் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நடுங்குகிற நாத்தனாரை இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஆபீஸ் காகிதத்தைத் திருப்பிப்போட்டு, அதன் மேல் சட்டைப் பைக்கு அளவு வரைந்தாள்.

"என்ன பண்றீங்க அண்ணி?"

"லூசா கேட்டவர் பை வேணுமான்னு சொல்லல. அடுத்த சட்டைக்கு வெச்சே தைச்சிடறேன்."

நாலு பட்டனை வாயில் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள்.