நான் விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்போது நாங்கள் மலேசியாவின் கிள்ளானில் குடியிருந்தோம். பெட்டாலிங் ஜெயாவில் எனக்குக் குமாஸ்தா வேலை. பிள்ளைகள் எழுவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுவேன். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் காற்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போவேன். அதில் எனக்கு அலாதிப் பிரியம். சனிக்கிழமையே சட்டையைத் தேய்த்து, காலணியைத் துடைத்து எடுத்து வைத்துவிடுவேன்.

ஒரு கல்யாண விருந்தில் உறவினர் ஒருவர், மகன் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். நாலு என்றேன். "அஞ்சுப்பா" என்றான் பக்கத்தில் இருந்த மகன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு. வேலை, விளையாட்டு, குடும்பம் என்று ஒழுங்காகப் பிரித்து வைத்திருப்பதாகத்தானே நினைத்திருந்தேன்? எங்கே பிசகியது?

யோசித்துப் பார்த்து, நடுவர் வேலையிலிருந்து விலகிக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது, "இனிமே ஞாயித்துக்கிழமை பூரா உங்களோடதான்" என்று அறிவித்தேன். சந்தோஷத்தில் குதிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பூரா நாளுமா?" என்றாள் மனைவி.

மறுநாள் காலை, மோரிப் கடற்கரைக்குப் போகலாம், சீக்கிரம் கிளம்புங்கள் என்றேன். மகள் சலங்கையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நடன ஒத்திகை. "இது பந்து ஆடுற பாடாங் இல்லப்பா. நீங்க விசில் ஊதுன உடனே ஓடி வர முடியாது லா" என்றாள்.

மகன் தூண்டிலோடு வாசலில் நின்றான். பக்கத்து வீட்டுச் சீனருடன் வாராவாரம் மீன் பிடிக்கப் போகிறானாம். எனக்குத் தெரியாது. நானும் வரட்டுமா என்று கேட்டேன். அவன் சங்கடத்தோடு, "அங்கிள் மோட்டார்ல ரெண்டு பேர்தாம்பா உக்கார முடியும்" என்றான். மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போனது. அவன் அந்த மனிதரின் இடுப்பைப் பிடித்திருந்தது தெருமுனைவரை தெரிந்தது.

"தனியா என்ன செய்வீங்க? என்னோட வாங்க" என்று மனைவி பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு மண்டபத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறாள் என்பது தெரியும். பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் "டீச்சர், டீச்சர்" என்று சூழ்ந்துகொண்டார்கள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

ஒரு பெண் என்னைப் பார்த்து, "ரெஃப்ரி அண்ணன் நீங்கதானா? நீங்க பந்து பின்னாடி போனதாலதான் எங்களுக்கு டீச்சர் கெடைச்சாங்க. திரும்பப் போயிருங்கண்ணே" என்றாள். மண்டபமே சிரித்தது. மனைவியும்தான். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "நான் இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்திருக்கணுமா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பத்துல இருந்திருக்கணும். நான் கெஞ்சிக்கூட கேட்டிருக்கேன். இப்ப கேட்டா எனக்கு சொல்லத் தெரியலீங்க."

சிறிது தூரம் போனதும் அவளே சொன்னாள்: "புதன்கிழமை சாயங்காலம் நாங்க யாரும் எங்கேயும் போறதில்ல. அன்னைக்கு வெள்ளன வர முடியுமா பாருங்க."

எனக்கு மேலும் குழப்பமாகிவிட்டது. ஆட்டத்தை விடுவது என் கையில் இருந்தது, விட்டுவிட்டேன். புதன்கிழமை சீக்கிரம் வர வேண்டுமானால் மேலதிகாரியிடம் போய் நிற்க வேண்டும்; பதவி உயர்வை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கேட்டேன். அவர் முகம் சுளித்துக்கொண்டே சம்மதித்தார். முதல் புதன்கிழமை நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் கொஞ்சம் பேசினோம். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

வாழ்க்கையை எப்படிப் பங்கிட்டால் சரியாக இருக்கும் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்காக நானே ஒரு முடிவெடுக்கப் போகும்போதெல்லாம், பதில் சொல்லாமல் அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் நினைவுக்கு வந்து, முதலில் அவர்களைக் கேட்க வைக்கிறது.