ஏழாம் பக்கத்துப் பச்சை

ஸ்டெல்லா சிஸ்டர் இறந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர் எங்கள் நர்சிங் ஹோமின் ஆயா. "சார், நம்ம ஸ்டெல்லாக்கா பூட்டாங்க. மத்த டாக்டருங்க யாரும் வரல. நீங்களாச்சும் வந்துடுங்க சார்." அவருடைய அஸ்தினாபுரம் வீட்டில், சர்ஜன் நண்பர்களே, உங்கள் மலர்வளையம் எனக்கு முன்பே வந்திருந்தது. அதில் 'பணிவின் சிகரம்' என்று எழுதியிருந்தது.

சிறு துளையிட்டு, டிவி திரையில் பார்த்தே வயிற்றுக்குள் அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பி தாம்பரத்துக்கு வந்த புதிதில் நீங்கள் மூவரும் பம்பாயில் இரண்டு நாள் பயிற்சி பெற்றுத் திரும்பினீர்கள். மீதியைப் படம் பார்த்துக் கற்பதாக ஏற்பாடு. வெளிநாட்டுப் படநூல் ஒன்றை இரவல் வாங்கி ஜெராக்ஸ் எடுத்தீர்கள். ஜெராக்ஸில் தமனி, சிரை, பித்தக்குழாய் எல்லாம் ஒரே கறுப்பு. மூன்று பட்டதாரிகளில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அறுவை அரங்கின் செவிலியரான ஸ்டெல்லாதான் மூலநூலை வீட்டுக்கு எடுத்துப்போய், அதைப் பார்த்து மகளின் கலர் பென்சில்களால் ஒவ்வொரு ஜெராக்ஸ் தாளுக்கும் நிறம் தீட்டி வந்தார். தமனி சிவப்பு, வெட்டவேண்டிய சிறுகுழாய் மஞ்சள், தொடவே கூடாத பெரிய பித்தக்குழாய் பச்சை.

"ரெண்டு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகல சார். ஆண்டவர் கோச்சிக்க மாட்டாரு. இதுவும் அவர் போட்ட படந்தானே" என்றார் என்னிடம். தாள்கள் அரங்கின் சுவரில் ஏறின.

சில மாதங்களில் ஊரப்பாக்கத்து ஆசிரியை ஒருவருக்குப் பித்தப்பை அறுவை. மயக்கமருந்து கொடுத்துவிட்டு நான் தலைமாட்டில் இருந்தேன். டிவி திரையில் ஒரு குழாய் தெரிந்தது. அதை அடைத்து வெட்ட, உங்களில் மூத்தவர் கிளிப்புக்குக் கை நீட்டினார்.

"சார், இது மஞ்சள் இல்ல. பச்சை."

"கிளிப் குடுங்க சிஸ்டர்."

"பித்தப்பையை மேல இழுத்ததுல பெரிய குழாய் நேரா வந்து நிக்குது சார். ஏழாம் பக்கம் பாருங்க."

"கலர் பென்சில் புடிச்சவங்கல்லாம் சர்ஜன்னா, நாங்க என்ன, ட்ராயிங் மாஸ்டர் வேலைக்குப் போறதா?"

மற்ற இருவரும் முகமூடிக்குள் சிரித்தீர்கள். ஸ்டெல்லா கிளிப் கருவியை விடவில்லை.

"திறந்து பாத்துட்டு வெட்டுங்க சார். அப்புறம் என்னை அனுப்பிடுங்க."

வேறு வழியின்றி வயிற்றைத் திறந்தீர்கள். பச்சைதான். அதை வெட்டியிருந்தால் அந்த ஆசிரியை காமாலையோடு ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகளில் அலைந்திருப்பார், பிழைத்திருந்தால். அவர் நலமாக வீடு போனார். மறுவாரம் ஸ்டெல்லா கட்டுப்போடும் அறைக்கு மாற்றப்பட்டார். படங்களை மட்டும் நீங்கள் மாற்றவில்லை. அவற்றைப் பார்த்தே கற்றீர்கள். 'சொந்த முயற்சியில் கற்றோம்' என்று மேடைகளில் பேசினீர்கள்.

உங்களை இகழ எனக்குத் தகுதியில்லை. மாற்றப்பட்ட அன்று அவர் என்னைக் கேட்டார்: "சார், திரையில உங்களுக்கும் தெரிஞ்சுதுல்ல?" மயக்கமருந்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அது பொய். "சரி சார்" என்று மட்டும் சொன்னார்.

அடக்கம் முடிந்து வந்து ஏழாம் பக்கத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டேன். அழுத்தித் தீட்டியதில் பச்சைக் குழாய் தாளின் பின்புறமும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. இரண்டு வாரமாகச் சுவரில் அந்த இடம் காலி. உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பரவாயில்லை, தலைமாட்டில் நான் இருக்கிறேன். இனி திரையையும் பார்ப்பேன். பச்சை என்றால் பச்சை என்று சொல்வேன்.