‘இங்க பாருங்க’ என்றால் அங்கே பார்

மேஜிக்காரருக்கு வலது கை பேசும் கை, இடது கை வேலை பார்க்கும் கை. அலுவலக விழாவோ பணக்கார வீட்டுப் பிறந்தநாளோ, வலது கையை உயர்த்தி, “இங்க பாருங்க!” என்பார். அரங்கமே அங்கே பார்க்கும். சிவப்புப் பந்து இடது கை வழியாகக் கோட்டுப் பைக்குள் இறங்கிவிடும். நாட்டை ஆள்வதற்கே இதற்கு மேல் தகுதி தேவையில்லை. அவர் அடக்கமானவர், பந்தோடு நிறுத்திக்கொண்டார்.

மேடையில் தட்டேந்தி நிற்பவள் அவர் மனைவி. இருபத்திரண்டு வருஷமாக அந்த இடது கையை மட்டுமே பார்த்துப் பழகியவள். வீட்டில், “இங்க பாரு, குழாய் ஒழுகுது” என்று அவர் சொன்னால் குழாயைப் பார்க்கமாட்டாள். எதை உடைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவருக்குப் பின்னால் தேடுவாள். பெரும்பாலும் கிடைக்கும்.

ஒருநாள் காலை கொதிக்கும் காபி டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு பேப்பர் படித்தார். சுடவில்லை. டம்ளர் ஆறிவிட்டது என்று நினைத்து ஒரு வாய் குடித்தார். நாக்கு வெந்தது. அன்றிலிருந்து மூன்று வாரம் வீட்டில் வலது கையை விசிறிவிசிறிப் பேசினார்.

“கைக்கு என்ன?” என்றாள் மனைவி.

“எந்தக் கை?”

“நீங்க ஆட்டாத கை.”

டாக்டரிடம் போனார்கள். டாக்டர் வலது கையில் பேனாவைத் தூக்கி, “இங்க பாருங்க” என்றார். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் டாக்டரின் இடது கையைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. இருவருக்கும் சந்தேகம் கூடியது.

டாக்டர் பேனாவை இறக்கினார். “பார்வை எப்படி இருக்கு?”

“எனக்கு நல்லாத்தான் இருக்கு, டாக்டர்.”

“இவங்களுக்கு?”

நரம்புக்கு மாத்திரையும், இருவருக்கும் கண் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். “உணர்ச்சி திரும்புமா?” என்று கேட்டபோது, “பாக்கலாம்” என்றார். பார்க்கச் சொல்லும் இடத்தில் ஒன்றும் இருக்காது என்பது மேஜிக்காரருக்குத் தொழில்முறையில் தெரியும்.

சனிக்கிழமை ஒரு தொழிற்சாலை விழா. “வேண்டாம்னு சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

“சொன்னா ஏன்னு கேப்பாங்க.”

“போய்ப் பந்தைக் கீழ போட்டா?”

“ஒரு தடவை விழுந்தாப் போதும். அப்புறம் போற இடமெல்லாம் இடது கையையே பாப்பாங்க. கடையைக் கட்ட வேண்டியதுதான்.”

சொல்லும்போது பயம் வந்திருக்க வேண்டும். முறைப்படி காத்திருந்து பார்த்தார், வரவில்லை. விரலில் ஆரம்பித்த மதமதப்பு தோளைத் தாண்டி உள்ளே எங்கோ குடிவந்துவிட்டது போலிருந்தது. வாடகைக்கு அல்ல, சொந்தமாக.

சனிக்கிழமை மேடையில் வலது கையை உயர்த்தினார். “இங்க பாருங்க!” இடது விரல்களுக்கிடையில் பந்து இருக்கிறதா, நழுவுகிறதா, தெரியவில்லை. குனிந்து பார்த்தால் முந்நூறு பேரும் கூடவே குனிவார்கள்.

தடாலென்று சத்தம். மனைவி தட்டைக் கீழே போட்டிருந்தாள். முந்நூறு தலையும் திரும்பியது. முந்நூற்றொன்றாவதாக அவருடைய தலையும் திரும்பியது. “மன்னிச்சுக்குங்க” என்று தட்டைப் பொறுக்கிக்கொண்டு அவரை உரசியபடி கடந்து போனாள். பந்து கையில் இல்லை, தரையிலும் இல்லை. கைதட்டல் காதைப் பிளந்தது.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“விழுந்துச்சா?”

“விழப் பாத்துச்சு. பிடிச்சுட்டேன்.”

“நான் பாக்கவே இல்லையே!”

“நீங்க எங்க பாத்தீங்க?”

“உன்னைத்தான்.”

“இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இப்பதான் நேரம் வந்துச்சாக்கும்!” என்றவள் ஒரு கையை உயர்த்தினாள். “இங்க பாருங்க.”

பார்த்தார். ஒன்றுமில்லை. கண்ணைத் தாழ்த்தியபோது அவருடைய இடது உள்ளங்கையில் சிவப்புப் பந்து இருந்தது. அவர் விரல்களை மடக்கி, அதன் மேல் தன் கையைப் பொத்தி வைத்திருந்தாள்.

“இனிமே நீங்க பேசுங்க. வேலையை நான் பாத்துக்கறேன்.”

அவர் தன் இடது கையைப் பார்த்தார். எவ்வளவு நேரமாக அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியவில்லை.